கால்மாடு கிழக்கு

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துத்தான் படுத்திருக்கிறார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. நாங்குநேரி தாண்டித் தெற்கே போகிற நாற்கரச் சாலையிலிருந்து எட்டிப் பார்த்தால், மணி அடிக்கக் காத்திருக்கிற பள்ளிக்கூட வரிசை மாதிரி இருக்கும். காரணம் எளிது. ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எக்காளம் ஊதும். அப்போது படுத்தவாக்கில் எழுந்து உட்கார்ந்தாலே அவர் முகம் தெரிய வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் என்று பக்கத்துக் கல்லறைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. தலை இருக்கும் பக்கம் தலைமாடு, கால் இருக்கும் பக்கம் கால்மாடு. சிலுவை தலைமாட்டில் நிற்கும். சட்டம் அவ்வளவுதான். கோயில் கட்டிய நாளிலிருந்து எங்கள் சபையில் இதை ஒருவரும் மீறியதில்லை. நான்தான் மீறினேன். அதுவும் என் சொந்த அப்பாவை வைத்து.

எங்கள் குடும்பம் காத்திருப்பதில் பழம் தின்று கொட்டை போட்ட குடும்பம். கொள்ளுத்தாத்தா தன் விளையில் பனங்கொட்டை ஊன்ற மறுத்தவர். பனை வளர்ந்து பாளை விடுவதற்குள் ஆண்டவர் வந்துவிடுவார், பிறகு எதற்கு வீண் வேலை என்பது அவர் கட்சி. பக்கத்து விளைக்காரருக்கு விசுவாசம் சற்றுக் குறைவு. வரிசையாக ஊன்றிவிட்டார். அந்தப் பனைகளில் இறக்கிய பதனீரைத்தான் நாங்கள் மூன்று தலைமுறையாக வாங்கிக் குடித்தோம்.

தாத்தா கணக்குப் போடுகிறவர். எங்கே சண்டை, எங்கே பூகம்பம் என்று செய்தி வந்தாலும் வேதப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் கூட்டலும் கழித்தலும் நடக்கும். விடை எப்போதும் இன்னும் மூன்று வருஷம் என்றே வரும். வருகைக்கென்று ஒரு வெள்ளை வேட்டி வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குக்கூட அதைத் தொடமாட்டார். கடைசியில் உடுத்தாமலேயே அது மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது.

அப்பா தலைமையாசிரியர். கணக்குப் போடுவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. அவரைப் பொறுத்தவரை வருகை என்பது ஓர் இன்ஸ்பெக்ஷன். "இன்ஸ்பெக்டர் என்னைக்குலே சொல்லிட்டு வந்தாரு?" என்பார். ஆகவே நகம் வெட்டியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டோடு சண்டை போட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அலமாரியைத் திறந்துபோட்டு வெளியே கிளம்பினால், "இப்ப அவர் வந்தா?" என்று ஒரு கேள்வி முதுகில் வந்து விழும். ஆண்டவர் முதலில் எங்கள் அலமாரியைத்தான் பார்ப்பார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

நான்காம் தலைமுறையான எனக்கு விசுவாசம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று தெரியாது. பயம் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாய்க்கொழுப்பால் அங்கே எனக்கு நல்ல பெயர். கொரோனா காலத்தில் தடுப்பூசிக்குள் அந்திக்கிறிஸ்துவின் முத்திரை எண் இருக்கிறது என்று கைபேசியில் செய்தி சுற்றியபோது, அதை அனுப்பியவர்களை மதிய இடைவேளை முழுக்கக் கிண்டல் செய்தேன். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊசி போட்ட இடத்தில் ஏதாவது எண் தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்க்கவும் செய்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். நாற்கரச் சாலையில் நாகர்கோவில் பஸ் பாட்டு ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தால் இன்றைக்கும் ஒரு நொடி வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்குவேன்.

போன வருஷம் அப்பா போனார். எண்பத்தாறு வயது, பெரிய கஷ்டம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் சரியில்லாததால் கல்லறைத் தோட்டம் வரை வரமுடியவில்லை. பெட்டியை எடுக்கும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்தாள்.

"தலைமாடு பாத்து வையுங்கலே."

"நான் பாத்துக்கிடுதேம்மா."

அம்மாவுக்கு அது சாதாரணப் பேச்சில்லை. அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. எழுந்ததும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டு ஓடிப்போகக் கூடாது, சேர்ந்துதான் போவது என்று. அப்பா எப்போதும் பத்தடி முன்னால் நடக்கிற ஆள். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அன்றைக்காவது கூட்டத்தில் அவரைத் தவறவிடக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தாள். பக்கத்து இடத்தைத் தனக்கென்று சபையில் எழுதிக் கொடுத்தும் வைத்திருந்தாள்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தை இப்போது சொல்கிறேன்.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு முன்பு வாசல் கிழக்கே இருந்தது. ஆகவே கிழக்கு மேற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. கால் வாசலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அரை நூற்றாண்டாக என் மண்டையில் பதிந்திருந்தது அதுதான். நாற்கரச் சாலை வந்தபோது பழைய வாசலை எடுத்துக்கொண்டார்கள். மேற்கே மதிலை இடித்துப் புது வாசல் வைத்தோம். அந்த வாசல் வழியாகத்தான் அப்பாவைக் கொண்டு போனோம். கோயில்பிள்ளை, அதாவது மணி அடிப்பது முதல் குழி வெட்டுவது வரை பார்க்கிறவர், அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். ஐயர் ஊருக்குப் புதிது. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு வெட்டியிருந்தது மூலையில். பக்கத்துக் கல்லறைகளில் சிலுவை விழுந்து உடைமரம் மூடிக் கிடந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

பெட்டியைக் குழிக்கு மேல் கொண்டு வந்தபோது அது சரியாகத்தான் இருந்தது. நான்தான் கையை உயர்த்தி, "திருப்புங்க, திருப்புங்க. கால் வாசலப் பாக்கணும்" என்றேன்.

சுமந்தவர்களில் ஒரு பெரியவர், "இல்லையே, அங்கனதானே தலைமாடு?" என்று இழுத்தார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் யோசித்திருப்பான். நான் ஜோக் அடித்தேன். "எங்கப்பா ஹெட்மாஸ்டர் அண்ணாச்சி. எவன் லேட்டா வாரான்னு வாசலப் பாத்துட்டுத்தான் இருப்பாக." அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு சிரிப்பாகப் பெட்டியைத் திருப்பி இறக்கிவிட்டார்கள்.

பத்து மாதம் நிம்மதியாக இருந்தேன். முதலாம் ஆண்டு நினைவுக்குக் கல்சிலுவை வைத்து ஐயரைக் கொண்டு ஜெபித்துத் திறப்பதாக ஏற்பாடு. ஒரு நாள் அலுவலகத்தில் இருக்கும்போது கோயில்பிள்ளையின் போன். எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் அண்ணாச்சி. யார் மூத்தவர் என்பதை இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"அண்ணாச்சி, அப்பாவுக்கு வச்ச மரச்சிலுவை காத்துல விழுந்து கெடக்கு. கல்லுக்காரன் வந்திருக்கான். தலைமாடு மேற்கதானே?"

"பின்ன? மேற்கதான்."

"சும்மா ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம்னுதான். வாசல் பக்கம் தலைமாடு."

"வாசல் பக்கமா?"

"மேற்கதானே இப்ப வாசல்."

"கல்லுக்காரர ஒரு டீ குடிச்சுட்டு இருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று போனை வைத்தேன். அந்த டீயைக் கல்லுக்காரர் ஒன்பது நாள் குடித்தார்.

அன்று சாயங்காலம் அடக்க வீடியோவைத் தேடி எடுத்தேன். வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக எடுத்தது. வீடியோக்காரர் கலைஞர். பெட்டி குழிக்குள் இறங்கும் இடத்தில் திரை முழுக்க ரோஜா இதழ்களைத் தூவியிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதற்கு முந்தின காட்சியை, அதாவது நான் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை வீசித் "திருப்புங்க" என்பதை, மெதுவோட்டத்தில் மூன்று முறை காட்டியிருந்தார். சாயங்கால வெயில். பெட்டி திரும்பி நின்றபோது எங்கள் நிழல்களெல்லாம் நீளமாக அதன் தலைப்பக்கம் விழுந்து கிடந்தன. சாயங்காலம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துகொள்ள ஹெட்மாஸ்டர் மகனாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவின் தலை கிழக்கே.

என் மனைவி தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமாவ மாத்தி வச்சிட்டீங்களா?" என்றாள்.

"கொஞ்சம்."

"இதுல என்ன கொஞ்சம்?"

அதன் பிறகு எனக்கு வந்தது பயம் என்று சொன்னால் பயத்துக்கு மரியாதைக் குறைவு. கொரோனாவில் என்னைப் பற்றித்தான் பயந்தேன். இது வேறு மாதிரி. எக்காளம் ஊதுகிறது. வரிசை முழுக்கக் கிழக்கே பார்த்து எழுகிறது. மூலையில் ஒருவர் மட்டும் மேற்கே பார்த்து எழுந்து, சட்டையை உதறிவிட்டு, யாரையும் கேட்காமல் புது வாசல் வழியாக வெளியேறி விறுவிறுவென்று நடக்கிறார். பின்னால் அம்மா கூப்பிடுகிறாள். திரும்பவில்லை. சாப்பிடும்போது, பைல் பார்க்கும்போது, பல் விளக்கும்போது எல்லாம் இந்தப் படம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஐயரைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயதுதான் இருக்கும், நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உயிரோட எழும்புறவங்களுக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாதா ஐயா?" என்றார்.

"மத்தவங்களுக்குத் தெரியும் ஐயரே. எங்கப்பா திரும்பமாட்டாக. களக்காடு வரைக்கும் போயிருவாக. அதுக்கு மேல மலை, அதனால நிப்பாக."

தோண்டித் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டேன். அரசாங்க உத்தரவு இல்லாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது என்றார். வீட்டுக்கு வந்து மனு எழுதிப் பார்த்தேன். ‘மேற்படி எனது தகப்பனார் இரண்டாம் வருகையின்போது எதிர்த் திசையில் எழும்புவதைத் தவிர்க்கும் பொருட்டு’ என்கிற இடம் வரைதான் எழுத முடிந்தது. தாலுகா ஆபீஸில் இதை வாங்கிப் படிப்பவரின் முகத்தை நினைத்ததும் பேனா நின்றுவிட்டது.

ஐயர் ஆறுதலுக்கு ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். பழைய காலத்தில் சில தேசங்களில் குருமாரை மட்டும் மாற்றி வைப்பார்களாம். எழுந்ததும் தங்கள் சபையாரைப் பார்த்தபடி நிற்பதற்காக. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இனி இரண்டே வழி. எல்லாரையும் போல மேற்கே சிலுவையை நட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அம்மா வந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவாள், அப்பாவின் கால்மேல் நிற்கிற சிலுவைக்குப் பூ வைத்துவிட்டு. கிழக்கே நட்டால் ஊருக்கே தெரியும். அம்மாவுக்கு இருதயம் பலவீனம், அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு நாள் முதல் வழியில்தான் இருந்தேன். ஒன்பதாம் நாள் அம்மாவே கேட்டாள்.

காலை டீ நேரம். அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான். பாளையங்கோட்டை வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து ரஸ்க்கைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். "கல்லு நட்டாச்சா?" என்றாள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை முன்னெச்சரிக்கையாகச் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எம்மா, அந்தக் காலத்துல ஐயருமார மட்டும் மாத்தி வைப்பாகளாம், தெரியுமா?"

"எதுக்கு?"

"எந்திரிச்சதும் சபையப் பாத்து நிக்கதுக்கு."

"சரி. அதுக்கென்ன இப்ப?"

"அப்பாவையும் அப்படித்தான் வச்சிருக்கு."

ரஸ்க் டீக்கு மேலே நின்றது. "யாரு வச்சா?"

"நாந்தான்."

"தெரிஞ்சா, தெரியாமயா?"

நான் சட்டைப் பையைத் தடவினேன்.

"தெரியாம" என்று பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள். "ஐயர் பிரசங்கத்துல எத்தன தப்புன்னு எண்ணிட்டே வீடு வந்து சேருத மனுஷன். அவுகளப் போயி ஐயராக்கிட்டியேலே."

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஆடை படிந்தது. மாத்திரை அட்டையில் ஒன்றைப் பிதுக்கிக் கையில் எடுத்தேவிட்டேன்.

"கிழக்கு எது?" என்றாள்.

ஜன்னலைக் காட்டினேன். தட்டில் இரண்டு ரஸ்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றை எடுத்து முனையைக் கடித்து, கடித்த முனை ஜன்னலைப் பார்க்க வைத்தாள். "இது அவுக. கடிச்ச பக்கம் தலை." இன்னொன்றைக் கடித்து, கடித்த முனை என்னைப் பார்க்க வைத்தாள். "இது நானு. எனக்குக் கால்மாடு கிழக்கதான வைப்பீக?"

"ஆமா."

இரண்டு ரஸ்க்கையும் கடித்த முனையைப் பிடித்துப் பையத் தூக்கினாள். அவை எழுந்து உட்கார்ந்தன. எதிரும் புதிருமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. அம்மா இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"ஆண்டவர் அவுக முதுகுப்பக்கமா வாராரு. அவுகளுக்குத் தெரியாது. நான்தான் பாப்பேன்."

"ஆமாம்மா."

"நான்தான் சொல்லணும். அம்பத்தெட்டு வருஷத்துல நான் ஒண்ணு சொல்லி அவுக திரும்பிப் பாத்தது கெடையாது. அன்னைக்குப் பாத்துத்தானே ஆகணும்."

அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. வெகுநாள் வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்த மாதிரி இருந்தது. அப்பாவை டீயில் முக்கித் தின்றாள்.

"சிலுவைய உள்ளபடிக்கே நடு. கால்ல நட்டுட்டுத் தலைன்னு பொய் சொல்லாத. என்னைய வைக்கும்போது நீ கையக் கட்டிட்டு ஓரமா நில்லு, வாயத் தொறக்காத. கோயில்பிள்ளை பாத்துக்கிடுவாரு."

கையிலிருந்த மாத்திரையை என்ன செய்வது என்று தெரியவில்லை. டாக்டர் எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

நினைவு நாளன்று அம்மாவைக் காரில் கூட்டிப்போனோம். வரிசை முழுக்கச் சிலுவைகள் மேற்கே நிற்க, மூலையில் ஒன்று மட்டும் கிழக்கே நின்றது. "வரிசையே கெட்டுப்போச்சே அண்ணாச்சி" என்று கோயில்பிள்ளை என் காதில் முனகினார். அன்றைக்குத் தலைமாடு எது என்று கேட்ட பெரியவரும் வந்திருந்தார். என்னைப் பார்த்து ஒரு தரம் இருமினார், அவ்வளவுதான். ஐயர் ஜெபம் பண்ணினார். நன்றாகவே பண்ணினார். "ஆண்டவரே, சீக்கிரமாய் வாரும்" என்று முடித்தபோது எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாகத் தவறாத ஆமென் அது. அம்மா சொல்லவில்லை.

"என்னம்மா, ஆமென் சொல்லலையா?"

"எதுக்குலே சீக்கிரம்? பைய வரட்டும்."

"ஏன்?"

"நான் உசுரோட பாளையங்கோட்டையில இருக்கும்போது வந்துட்டார்னா, அவுகளுக்கு இங்கன யாரு சொல்லுவா?"

"நான் ஓடி வந்து சொல்லுதேன்."

"நீயா? கெழக்க மேற்காக்கிருவ."

கோயில்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார். அம்மா அதைத் தன் இடத்தின் மேற்கு முனையில் போடச் சொல்லி, சிலுவையைப் பார்த்து உட்கார்ந்தாள். வெயில் ஏறிவிட்டது, கிளம்புவோம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். காது கேட்காத மாதிரி இருந்தாள். நான் போய்ப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.